ஸ்டாட்டின் போடுபவருக்குத் தொடை வலி: மாத்திரையா, தசை அழற்சியா, வேறு எதுவுமா?

#1 மருந்துச்சீட்டு

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி மருந்துக்கடைக் கவுன்ட்டருக்கு அடிக்கடி வரும் பேச்சு: "இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டதிலிருந்து தொடை கடுக்குது. நிறுத்திட்டேன்." இப்படிச் சொல்பவரில் பாதிப் பேர் ஸ்டென்ட் வைத்தவர்கள். நிறுத்தியதை இதய டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

இன்னொரு பக்கம், எந்த வலி வந்தாலும் "ஸ்டாட்டினால தசை அழற்சி" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அழற்சி என்றால் தசைக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் வேலை செய்கின்றன என்று பொருள். வலிக்கிற தசையெல்லாம் அழற்சித் தசை ஆகாது. விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பிரித்துச் சொல்லுங்கள். எதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், எதைப் பார்த்தால் அன்றைக்கே அனுப்ப வேண்டும்?

#2 மூட்டுப்பிரிவு

ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஓடுகின்றன.

முதலாவது வெறும் வலி. சிபிகே (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) நார்மல், பலம் குறையவில்லை. இதுதான் பெரும்பான்மை. இரண்டாவது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி தசை நேரடியாகச் சேதப்படுவது. சிபிகே ஏறும், மருந்தை நிறுத்தினால் இறங்கும். இதன் முற்றிய நிலைதான் தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும் ராப்டோமயோலிசிஸ். மூன்றாவது, ஸ்டாட்டின் தூண்டிவிட்ட தன்னுடல் தாக்கு நோய். மருந்தை நிறுத்தினாலும் இது நிற்காது. நான்காவது, ஸ்டாட்டின் போடும் வயதிலேயே தானாக வரும் பாலிமயால்ஜியா ருமேட்டிகா (தோளும் இடுப்பும் காலையில் விறைக்கும் அழற்சி நோய்) போன்றவை. இதில் சிபிகே ஏறாது, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈஎஸ்ஆர் ஏறும்.

நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். "இரண்டு தொடையும் உளைச்சலா இருக்கு, நடந்தா கடுக்குது" என்றால் முதல் இரண்டில் ஒன்று. "கெண்டைக்கால்ல குரக்களி பிடிக்குது", "ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்குது" என்றால் பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கே சம்பந்தமில்லை. நரம்பு, முதுகு, சர்க்கரை பார்க்க வேண்டும். "காலையில தோள் தூக்க முடியல, பத்து மணிக்கு மேல சரியாகுது" என்றால் நான்காவது. "வலி பெரிசா இல்ல, ஆனா தரையிலிருந்து எழுந்திருக்க முடியல" என்றால் என் காது நிமிரும். அது மூன்றாவதாக இருக்கலாம்.

வலியைவிடப் பலக்குறைவுதான் முக்கியமான கேள்வி. அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் எழ முடிகிறதா, பஸ் படியில் கைப்பிடி இல்லாமல் ஏற முடிகிறதா, தலை வாரும்போது கை பாதியில் இறங்கிவிடுகிறதா என்று கேளுங்கள். எழும்போது கையைத் தொடையில் ஊன்றித் தன்னையே தூக்கிக்கொண்டு எழுகிறாரென்றால் இடுப்புத் தசை போயிருக்கிறது. அன்றைக்கே சிபிகே.

#3 சீரம்குழாய்

சிபிகே பற்றி லேப் பக்கத்திலிருந்து. நாங்கள் பார்க்கும் தவறான ரிப்போர்ட்டில் முக்கால்வாசி ரத்தம் எடுத்த நேரத்தால் வருவது.

வலி என்று கிளினிக்குக்குப் போகிறார், இடுப்பில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. மறுநாள் காலை சிபிகே. ஊசி குத்திய தசையே சிபிகே-யை விடும்! அதேபோல் ஜிம், நீண்ட நடைப்பயணம், வீடு மாற்றிப் பெட்டி தூக்கியது; இவற்றின் ஏற்றம் ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். கடும் உழைப்பு, தசை ஊசி இரண்டும் இல்லாமல் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் விட்டு எடுங்கள். ஆனால் பலக்குறைவோ கறுத்த சிறுநீரோ இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே எடுக்க வேண்டும்.

எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். அந்த லேபின் உச்ச அளவோடு வகுத்து எத்தனை மடங்கு என்று பாருங்கள். உச்ச அளவு 200 என்றால் 480 என்பது 2.4 மடங்கு. தசை பெருத்த ஆளுக்கு இது சாதாரணமாகவே இருக்கலாம். அதனால்தான் மாத்திரை தொடங்கும் முன் ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால் பின்னால் சண்டை வராது. எல்லோருக்கும் தேவையில்லை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, குடும்பத்தில் தசை நோய், முன்பு ஸ்டாட்டினில் வலி வந்தவர், இவர்களுக்காவது எடுக்கலாம்.

இன்னொரு பொறி: ஈரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் வரும். "லிவர் கெட்டுப்போச்சு" என்று ஸ்கேன் வரை போன ஆட்களில் சிபிகே பார்த்தால் 5000 இருக்கும். தசையிலிருந்து வராத ஈரல் நொதியான ஜிஜிடி நார்மலாக இருந்து எஸ்ஜிஓடி மட்டும் எகிறியிருந்தால் ஈரலை விட்டுவிட்டுத் தொடையைப் பாருங்கள்.

#4 எண்கணக்கு

முதல் வகை பற்றி ஆதாரம் என்ன சொல்கிறது என்று வைக்கிறேன், ஏனென்றால் இங்கேதான் வீண் பயம் அதிகம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு, 2020. ஸ்டாட்டினைப் பக்கவிளைவால் நிறுத்தியவர்கள் 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 புட்டி: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாதம் ஒரு புட்டி, எது எப்போது என்பது சீட்டுக் குலுக்கியது போல. தினமும் தொந்தரவுக்கு 100-க்கு மார்க் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8.0. வெற்று மாத்திரையில் 15.4. ஸ்டாட்டினில் 16.3. அதாவது மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதால் ஏறிய தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் ஏறியது.

2022-ல் லான்செட்டில் வந்த கூட்டுப் பகுப்பாய்வில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 சோதனைகள். தசைத் தொந்தரவு சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6. கூடுதல் வலி முதல் வருடத்தில்தான், ஆயிரத்துக்கு 11 பேர். அதற்குப் பிறகு குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் வருடத்தில் ஸ்டாட்டின் போட்டுக்கொண்டு தசை வலி என்று வருபவர்களில் 15 பேருக்கு ஒருவருக்குத்தான் மாத்திரை காரணம்.

#5 மூட்டுப்பிரிவு

» 15 பேருக்கு ஒருவர்

எண் சரி, ஆனால் இரண்டு விஷயம். வெற்று மாத்திரையிலும் வலித்தது என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. 15.4 என்று மார்க் போட்டவருக்குத் தொந்தரவு இருந்தது உண்மை. "மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பினால் அவர் மாத்திரையையும் நிறுத்துவார், டாக்டரையும் மாற்றுவார்.

இரண்டாவது, பெரிய சோதனைகள் சிலவற்றில் முன்னோட்டக் கட்டம் உண்டு. 20,536 பேரை வைத்து நடந்த பிரிட்டனின் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடியில் சில வாரம் சிம்வாஸ்டாட்டின் 40 கொடுத்துப் பார்த்து, தாங்கியவர்களையே சேர்த்தார்கள். தாங்காதவர் அங்கேயே வடிகட்டப்பட்டார். எனவே தாங்காத ஆள் யாருமே இல்லை என்று அந்த எண்களிலிருந்து முடிவு கட்ட முடியாது.

#6 எண்கணக்கு

முன்னோட்டக் கட்டம் பற்றிய விமர்சனம் நியாயம். ஆனால் சாம்சனுக்கு அது பொருந்தாது. அது வடிகட்டப்பட்டு வெளியே நின்றவர்களை வைத்தே நடந்தது. முடிவுகளைக் காட்டியபின் அவர்களில் பாதிப் பேர், 30 பேர், ஆறு மாதத்துக்குள் மறுபடி ஸ்டாட்டின் தொடங்கினார்கள். அவரவர் தொந்தரவை அவரவர் மார்க்கிலேயே வரைந்து காட்டியது அறிவுரையை விட வேலை செய்தது.

#7 மருந்துச்சீட்டு

இரண்டாவது வகைக்கு வருகிறேன், இது என் மேசை. இங்கே ஸ்டாட்டினை விட அதோடு சேரும் மருந்துதான் குற்றவாளி.

சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டும் ஈரலில் சிப் 3ஏ4 என்ற நொதியால் உடைபடுகின்றன. அந்த நொதியை அடைக்கும் மருந்து வந்தால் அதே 40 மில்லிகிராம் ரத்தத்தில் பல மடங்காக நிற்கும். நம் ஊரில் இது நடக்கும் வழிகள் புத்தகத்தில் முதலில் இருப்பவை அல்ல.

ஒன்று படர்தாமரை. இட்ராகோனசோல் 100, காலை மாலை, நான்கு வாரம், ஆறு வாரம். தோல் டாக்டருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை தெரியாது, இதய டாக்டருக்குப் படர்தாமரை தெரியாது. சிம்வாஸ்டாட்டினோடு இது கூடவே கூடாது. அட்டோர்வா என்றால் 20-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு, வயிற்றுக் கிருமிக்கான 14 நாள் கிட். அதில் கிளாரித்ரோமைசின் இருக்கிறது. பல இடங்களில் அந்த 14 நாளும் ஸ்டாட்டினை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடரச் சொல்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம், ஆனால் கேட்டாக வேண்டும். மூன்று, கவுட் என்ற யூரிக் அமில மூட்டுவலிக்கான கொல்ச்சிசின். இது தன்னளவிலேயே தசையைத் தாக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் மோசம். டில்டியாசெம், வெராபமில், அமியோடரோன் போடுபவருக்கு சிம்வாவில் தனி உச்ச வரம்பு உண்டு: முதல் இரண்டுக்கும் 10, அமியோடரோனுக்கு 20. சாதாரண பிபி மாத்திரை அம்லோடிபினுக்கே சிம்வா 20-க்கு மேல் கூடாது.

ட்ரைகிளிசரைடு கொழுப்பை இறக்கும் ஃபைப்ரேட் மருந்துகளில் ஜெம்ஃபைப்ரோசிலையும் ஃபீனோஃபைப்ரேட்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ஸ்டாட்டினை உடலிலிருந்து வெளியேற்றும் வழியை ஜெம்ஃபைப்ரோசில் அடைக்கிறது. 2001 ஆகஸ்டில் செரிவாஸ்டாட்டின் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டதற்கு ராப்டோமயோலிசிஸ் மரணங்கள் காரணம். அவற்றில் கணிசமானவை ஜெம்ஃபைப்ரோசில் சேர்ந்தவை. கூட்டு மாத்திரைகளில் ஸ்டாட்டினோடு ஃபீனோஃபைப்ரேட் வருவது இந்த வேறுபாட்டால்தான்.

கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். அட்டோர்வா குறிப்பேடு எச்சரிப்பது தினமும் 1.2 லிட்டருக்கு மேல் குடிப்பவரை. நம் ஊரில் அப்படிக் குடிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

#8 நாடிப்பலகை

ரோசுவாஸ்டாட்டின் 3ஏ4 வழியில் போகாது என்பதால் பலர் அதற்கு மாற்றுகிறார்கள். சரி. ஆனால் ஆசியர்களுக்கு ரத்தத்தில் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாக நிற்கும் என்று அமெரிக்கக் குறிப்பேடே சொல்கிறது. தொடக்கம் 5 மில்லிகிராம் என்கிறது. இங்கே எடுத்த எடுப்பில் 20 எழுதுகிறோம். மாரடைப்பு வந்தவருக்கு அது தேவைப்படலாம். வெறும் ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 140 பார்த்து மெலிந்த, 70 தாண்டிய பெண்ணுக்கு 20 என்றால் வலி வந்தபின் ஆச்சரியப்படக் கூடாது. சிறுநீரக வடிகட்டல் 30-க்குக் கீழே போனால் 10 தான் உச்சம்.

அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். 40-லிருந்து 80-க்குப் போய் தசையோடு மல்லுக்கட்டுவதை விட, 20-ஓடு எஸெடிமைப் (குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் மாத்திரை) 10 சேர்த்தால் 18 முதல் 20 சதவீதம் கிடைக்கும்.

மரபணுப் பக்கமும் ஒன்று உண்டு. ஈரலுக்குள் ஸ்டாட்டினை இழுக்கும் கதவு எஸ்எல்சிஓ1பி1. அதன் ஒரு மாற்றம் இரண்டு பிரதியும் இருந்தால் சிம்வாஸ்டாட்டின் 80-ல் தசை நோய் வாய்ப்பு சுமார் 17 மடங்கு என்று 2008-ல் கண்டார்கள். 2011-ல் அமெரிக்காவில் சிம்வா 80-ஐப் புதிதாகத் தொடங்குவதையே தடுத்தார்கள். இன்றைக்கு அந்த மருந்தை அந்த அளவில் எழுதுபவர் குறைவு, அதனால் இந்தச் சோதனைக்காகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

#9 சீரம்குழாய்

#7-க்கு ஒரு பின்குறிப்பு. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஸ்டிரிப் சோதனையில் "ரத்தம் +++" என்று வரும், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றும் தெரியாது. அது ரத்தமல்ல, கரைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம். கிரியாட்டினினும் பொட்டாசியமும் அதே குழாயில் உடனே ஓட்டுங்கள். மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் டயாலிசிஸில் முடியலாம்.

#10 மூட்டுப்பிரிவு

இப்போது தலைப்பில் இருக்கும் உண்மையான அழற்சி. சரியாகச் சொன்னால் இதன் பெயர் நோயெதிர்ப்புவழித் தசைச் சிதைவு. திசுவில் பார்த்தால் தசை நார்கள் செத்துக் கிடக்கும், அழற்சி அணுக்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருக்கும். அதனால்தான் பழைய காலத்தில் "அழற்சி இல்லை, மருந்து நச்சு" என்று எழுதிவிட்டார்கள். 2010, 2011-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுதான் இதற்கான எதிர்ப்பொருளைப் பிடித்தது. அது தாக்கும் இலக்கு எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ், சுருக்கமாக எச்எம்ஜிசிஆர். ஸ்டாட்டின் அடைக்கும் அதே நொதி!

ஏன் மருந்தை நிறுத்தியும் நிற்பதில்லை? ஸ்டாட்டின் போட்டால் செல் அந்த நொதியை அதிகம் உற்பத்தி செய்யும். அது நோயெதிர்ப்பின் கண்ணில் பட்டுவிட்டது என்று வையுங்கள். பிறகு சேதமான தசை தன்னைப் புதுப்பிக்கும்போது, அந்தப் புது நார்களிலும் அதே நொதி நிறைய இருக்கும். ஆக, மாத்திரை போனாலும் இலக்கு போவதில்லை.

இது அரிது. ஸ்டாட்டின் போடும் ஒரு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேர். ஆனால் தவறவிட்டால் நடக்க முடியாமல் போகும். தவறவிடும் விதம் ஒரே மாதிரி: சிபிகே 6000. அட்டோர்வாவை நிறுத்தி ரோசுவா. இரண்டு மாதம் கழித்து 7000. வைட்டமின் டி. அப்புறம் ஏஎன்ஏ என்ற பொதுவான தன்னுடல் எதிர்ப்பொருள் சோதனை எடுத்து நெகட்டிவ், "தன்னுடல் நோய் இல்லை" என்று கோப்பு மூடப்படும். இந்த நோயில் ஏஎன்ஏ நெகட்டிவாக வருவது சகஜம். தசை நோய்க்கான பல எதிர்ப்பொருள் பேனல்களில் எச்எம்ஜிசிஆர் சேர்க்கப்படுவதே இல்லை. தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பேனல் நெகட்டிவ் என்று வந்தால் முதலில் அதில் என்னென்ன இருந்தன என்று தாளைத் திருப்பிப் பாருங்கள்.

"பத்து வருஷமா போடுறேன், இப்ப எப்படி வரும்" என்பார்கள். வரும். முதல் இரண்டு வகை போல் முதல் சில வாரங்களில்தான் வரும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை.

சிகிச்சை: ஸ்டாட்டின் நிரந்தரமாக நிறுத்தம். ஸ்டீராய்டு, கூடவே மெத்தோட்ரெக்சேட், தேவைக்கேற்ப நரம்புவழி இம்யூனோகுளோபுலின் அல்லது ரிடுக்சிமாப். சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டைத் தவிர்த்து இம்யூனோகுளோபுலின் மட்டும் கொடுத்துப் பலன் கண்ட பதிவுகள் உண்டு. நம் நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சாதாரண ஸ்டாட்டின் வலிக்காரருக்கு இந்த எதிர்ப்பொருள் இருக்காது. எனவே சிபிகே நார்மல், பலம் நார்மல் என்றால் இந்தச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

#11 நாடிப்பலகை

பாலிமயால்ஜியாவை ஸ்டாட்டினே தூண்டுகிறதா? 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கவிளைவுப் பதிவேட்டை வைத்து அப்படி ஒரு சந்தேகம் எழுதினார்கள்.

#12 மூட்டுப்பிரிவு

பதிவேடு சந்தேகம் கிளப்பும், நிரூபிக்காது. 50 தாண்டியவருக்கு வரும் நோய், 50 தாண்டியவர் போடும் மாத்திரை. இரண்டும் ஒரே ஆளிடம் சந்திப்பது வியப்பல்ல. பொதுவாகப் பார்த்தால் ஸ்டாட்டின் அழற்சி அளவைக் குறைக்கும் மருந்து. 2008 ஜூபிடர் சோதனையில் ரோசுவாஸ்டாட்டின் 20, அழற்சியைக் காட்டும் சிஆர்பியை இறக்கியது.

நடைமுறைக்கு: தோள், இடுப்பு இரண்டு பக்கமும், காலை விறைப்பு 45 நிமிடத்துக்கு மேல், ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி ஏறியது, சிபிகே நார்மல். இப்படி இருந்தால் ஸ்டாட்டினை மூன்று வாரம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். பிரெட்னிசலோன் 12.5 முதல் 25 மில்லிகிராமுக்குள் தொடங்கினால் சில நாளில் பளிச்சென்று தெரியும். கூடவே புதுத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் அது ரத்தக்குழாய் அழற்சி. அதே நாளில் ஆஸ்பத்திரி, கண் போய்விடும்.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு: சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் இழுக்கும் வலி, கவனிக்கப்படாத தைராய்டு. தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் 60 இருந்தால் அதுவே சிபிகே-யையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்து ஏற்றும். தைராய்டைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் கொடுப்பது தசை வலிக்கு நேராகக் கதவு திறப்பது. கண்ணிமையிலும் விரல் கணுக்களின் மேலும் தடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற அழற்சி நோயின் அடையாளம். மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருநீலமாகத் தெரியும்.

#13 மருந்துச்சீட்டு

சரி, வெறும் வலிக்காரரை எப்படி மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவருவது? ஒரு வரிசை போடுங்கள்.

#14 நாடிப்பலகை

டாக்டரோடு சேர்ந்து செய்ய வேண்டியது. ஸ்டென்ட் புதிதாக வைத்தவர் தானாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

சிபிகே 4 மடங்குக்குக் கீழே, வலி மட்டும்: இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தம். வலி போகவில்லையா, மாத்திரை காரணமில்லை. அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கி வேறு காரணம் தேடுங்கள். போய்விட்டதா, வேறு ஸ்டாட்டின் குறைந்த அளவில். மறுபடி வந்தால் ரோசுவா 5, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது வாரம் இரண்டு தடவை. அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 19 மணி நேரம் என்பதால் இது ஓடும், சிம்வாவில் ஓடாது. கூடவே எஸெடிமைப்.

4 முதல் 10 மடங்கு, வலியும் உண்டு: ஆறு வாரம் நிறுத்தி, சிபிகே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. இறங்கவில்லை என்றால் #10-ஐ மறுபடி படியுங்கள். 10 மடங்குக்கு மேல்: உடனே நிறுத்தம், கிரியாட்டினின், இரண்டு வாரத்தில் மறு சோதனை.

எதுவும் தாங்கவில்லை என்றால் ஸ்டாட்டின் அல்லாத கொலஸ்ட்ரால் மாத்திரையான பெம்பெடோயிக் அமிலம் 180. அதைச் செயல்பட வைக்கும் நொதி ஈரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. 2023-ல் ஸ்டாட்டின் தாங்காத 13,970 பேரிடம் நடந்த சோதனையில் இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் அமிலம் ஏற்றும், கவுட்டுக்காரருக்கு யோசித்துக் கொடுங்கள். பழைய தசைநாண் (டெண்டன்) பிரச்சினை உள்ளவருக்கும். அதற்கும் மேல் எல்டிஎல்லை இறக்கும் பிசிஎஸ்கே9 ஊசிகள். எதிர்ப்பொருள் பாசிட்டிவ் ஆனவருக்கு நான் நேராக அந்த ஊசிக்கே போவேன்.

#15 மருந்துச்சீட்டு

கோ-கியூ10, வைட்டமின் டி இரண்டும் ஸ்டாட்டினோடு சேர்ந்தே சீட்டில் வருகின்றன. பயன்?

#16 எண்கணக்கு

கோ-கியூ10 சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண். வைட்டமின் டி-யை விடால் சோதனையின் துணை ஆய்வில், ஸ்டாட்டின் புதிதாகத் தொடங்கிய 2,083 பேரிடம் பார்த்தார்கள்: தசைத் தொந்தரவு இரு பக்கமும் 31 சதவீதம். குறைபாடு இருந்தால் அதற்காகக் கொடுங்கள், ஸ்டாட்டின் வலியைத் தடுக்க என்று கொடுக்காதீர்கள். "இயற்கை" என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலில் இருக்கும் மோனகோலின் கே, வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். மாத்திரை வேண்டாம் என்று அதற்கு மாறியவர் மாறவே இல்லை.

#17 சீரம்குழாய்

விட்டுப்போன ஒன்று. தசை நோயாளிக்கு யாராவது மாரடைப்புக்குப் பார்க்கும் சிகே-எம்பி அல்லது டிரோபோனின் டி எடுத்து, ஏறியிருக்கிறது என்று ஐசியுவுக்கு அனுப்புவார்கள். புதுப்பித்துக்கொள்ளும் எலும்புத் தசையே அந்த இரண்டையும் விடும். ஈசிஜி மாறவில்லை, நெஞ்சு வலி இல்லை, சிபிகே ஆயிரக்கணக்கில் என்றால் டிரோபோனின் ஐ கேளுங்கள். அது நார்மலாக இருந்தால் இதயத்தை விட்டுவிட்டுத் தொடைக்கு எம்ஆர்ஐ எழுதுங்கள். ஸ்டிர் என்ற வரிசையையும் சேர்த்து எழுதுங்கள். தசைக்குள் நீர் கோத்த இடம் அதில் வெளுப்பாகத் தெரியும், பயாப்சிக்கு எங்கே குத்த வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.